உரித்த ஆரஞ்சு

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் தலைவலி எப்படி இருக்கிறது? அத்தான் லாரியோடு எந்தத் திசையில் இருக்கிறார்? உன் பெண் பட்டாணி படிக்கிறாளா, இல்லை எப்போதும்போல ஓடிக்கொண்டே இருக்கிறாளா?

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், யாரும் கேட்பதில்லை, கடைசியில் யாராவது ஒருவர் படக்கென்று வைத்துவிடுகிறோம். போன வருஷச் சண்டைக்குப் பிறகு, "இனிமே எதுவா இருந்தாலும் எழுது" என்று சொன்னது நீதான். எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

உன் மூக்குக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். என் ஓட்டக்காரப் பிள்ளைகள் மூன்றாவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வருஷம் இதே பிள்ளைகள்தான், பயிற்சியை முடித்துவிட்டு என்னைத் துரத்தி விளையாடினார்கள். இப்போது பள்ளிக்கூடக் கழிப்பறைப் பக்கம் போனால் பழக்கடை வாசனை. எந்தப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் அக்கா பழ வாசனை வரும்? சந்தேகப்பட்டுத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வட்ட டப்பா கிடந்தது. மிட்டாய் டப்பா மாதிரி பளபளவென்று, உள்ளே விரல் நகம் அளவுக்கு வெள்ளைப் பொட்டலங்கள். உதட்டுக்கு உள்ளே ஒதுக்கிக்கொள்வதாம். புகை கிடையாது, துப்ப வேண்டியது கிடையாது. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். புகையிலைத் தூள்.

தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "ஸ்ட்ராபெரி வாசனை வருது சார், மிட்டாய்தானே?" என்றார். பிள்ளைகளைக் கேட்டால் "சூயிங்கம் சார்" என்கிறார்கள். வாயை ஊதச் சொன்னால் பழம் மணக்கிறது. நிஜமாகவே சூயிங்கம் மென்றவனும் பழம்தான் மணக்கிறான். நான் எதை வைத்து யாரைப் பிடிப்பது? எசன்ஸ் கம்பெனியில் இத்தனை வருஷமாக வாசனை கலக்குகிறாயே, ஒரு வழி சொல்லு.

பட்டாணிக்கு மாமாவின் முத்தம். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் தூக்கம் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறது. முழங்காலை டாக்டரிடம் காட்டு என்று நான் சொல்லி, நீ கேட்டு, அது சரியாகி! சரி, விடு.

முதலில் வாயை முகர்வதை நிறுத்து. வாயில் இருப்பது விளம்பரம். பழ வாசனைகள் எல்லாம் அவசரக்காரர்கள், முதலில் ஓடி வந்து முதலில் ஓடிப்போவார்கள். நாங்கள் காகிதப் பட்டையில் ஒரு துளி தொட்டு உடனே ஒரு தடவை முகர்வோம், அதே பட்டையை மத்தியானம் ஒரு தடவை முகர்வோம். மத்தியானம் மிச்சம் இருப்பதுதான் நிஜம். பிள்ளையின் கைக்குட்டையை, சட்டைப் பையை, விரல் நுனியைப் பழம் போன பிறகு முகர்ந்து பார். மிட்டாய் என்றால் ஒன்றுமே இருக்காது. புகையிலை என்றால், காய்ந்த வைக்கோலில் தேன் சிந்திப் புளித்துப்போன மாதிரி ஒரு வாசனை அடியில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. ஒரே வாசனையை விடாமல் முகர்ந்தால் மூக்கு களைத்துப்போய் அதை மறந்துவிடும். எதிரிலேயே இருக்கும், ஆனால் தெரியாது. நடுநடுவே உன் முழங்கை மடிப்பை முகர்ந்துகொள். சொந்த உடம்பு வாசனையில் மூக்கு பழையபடி வந்துவிடும். எங்கள் கலவை அறையில் எல்லோரும் செய்வது இதுதான். எனக்கு அந்த வழியும் போயிற்று, என் முழங்கையே இப்போது ஆரஞ்சு.

இருமல் மருந்துக்கென்று நான் ஒரு ஆரஞ்சு கலந்தேனே, கம்பெனியில் "உரித்த ஆரஞ்சு" என்று பெயர் வைத்தார்களே, அது போன வருஷத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகப் போகிறது. ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் இருமலா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "புது கஸ்டமர்ம்மா. வாய் மணக்கிறதுக்கு ஏதோ பண்றாங்களாம்" என்றார். யார் வாய் மணந்தால் என்ன, என் இடுப்புதான் ஒடிகிறது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பழம் எடுத்துக் கொடுப்பேன் என்று என் பையையே பார்க்கிறார்கள். வீட்டில் தலையணை, திரைச்சீலை, பட்டாணியின் பாடப் புத்தகம் எல்லாம் ஆரஞ்சு. "நீ வர்றதுக்கு முன்னாடியே உன் வாசனை வந்து உக்காந்துக்குதும்மா" என்கிறாள்.

அவளும் ஓட்டத்தில் பின்தங்குகிறாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். பதினைந்து வயசு, சொல்லவா வேண்டும்? பரீட்சை முடிந்ததும் உன்னிடம் அனுப்புகிறேன், நன்றாக ஓட வை. உன் அத்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்லு.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன் வைத்தியம் பலித்துவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னை மோப்பம் பிடிக்கிறவன் என்று கிண்டல் செய்கிறார்கள். பிள்ளைகள் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள், அதை உனக்கு எழுத மாட்டேன்.

சந்தோஷப்படத்தான் முடியவில்லை. நெட்டையைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, எங்கள் அணித்தலைவன்? அவன் கைக்குட்டையிலும் உன் புளித்த தேன் இருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். என்னைவிட ஒரு ஜாண் உயரமான பையன் அப்படியே குறுகிப்போய், "விட்டுடலாம்னுதான் சார் பாக்கறேன். ரெண்டாவது பீரியட் வரைக்கும் தாங்குது. அப்புறம் கை தானா பைக்குள்ள போகுது" என்றான். அழுதான்.

பிள்ளை விஷயத்தைப் பெற்றவர்களிடம் மறைக்கக் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். தெரிந்த அன்றே வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன். நெட்டையின் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர், "சிகரெட் இல்லையே சார். பழ வாசனைதானே வருது? நான்கூட வேற ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் சாக்லேட்டுக்கும் பென்சிலுக்கும் நடுவில் இந்த டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் சண்டைக்காரர் இல்லை. "கம்பெனிக்காரங்களே ஸ்டாண்டு கொண்டாந்து வெச்சிட்டுப் போறாங்க சார். நான் என்ன பண்றது?" என்றார். அந்த ஸ்டாண்டு என் நெஞ்சு உயரம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே. நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "பெரியவங்களுக்கு மட்டும்னு இதிலேயே போட்டிருக்கே. பிள்ளைங்களுக்காகப் பண்ணின ருசின்னு எதை வெச்சு சொல்றீங்க?" என்று கேட்டார்.

பட்டாணியை அனுப்பு. நல்ல பிள்ளை ஒன்றாவது ஓடுவதைப் பார்க்கிறேன். தலைவலிக்கு மாத்திரையாகப் போட்டுத் தள்ளாதே.

தம்பி

*

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் மருமகள் நாளை மறுநாள் வண்டி ஏறுகிறாள். முழங்கால் தேவலையா? எனக்குத் தலைவலி விட்டு விட்டு வருகிறது, விட்டுவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

சில விஷயம் சொல்லிவிடுகிறேன். காலையில் அவளிடம் பேச்சுக் கொடுக்காதே. சாப்பாட்டில் குறை சொல்வாள், காதில் வாங்காதே. ஓடும்போது மூச்சு வாங்கினால் உட்கார வை. சின்ன வயசில் மூச்சு இழுப்பு வந்து நம்மை என்ன பாடு படுத்தினாள்! மருந்தைக் கொண்டுபோனால் என் முகத்திலேயே துப்புவாள். உன் அத்தான் கையைப் பிடிக்க, நான் மூக்கைப் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளையைக் கொலை செய்கிறோம் என்று ஓடி வந்தார்கள்.

அந்த ஆரஞ்சு அப்போது பிறந்ததுதான். கம்பெனியில் இருந்த பழைய ஆரஞ்சு வெறும் சர்க்கரை, எந்தக் குழந்தையும் ஏமாறாது. ஆரஞ்சு உரிக்கும்போது தோலிலிருந்து கண்ணில் தெறிக்குமே ஒரு கசப்பு, நான் அதில் ஒரு துளி சேர்த்தேன். கசப்பு எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தத் துளி இருந்தால்தான் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நமக்காக உரித்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும். பட்டாணி முதல் கரண்டியைக் குடித்துவிட்டு வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு "இன்னும்" என்றாள். கம்பெனி அதை மருந்துக்கு விற்றது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

உன் நகராட்சி அதிகாரியை நினைத்தால் எனக்கே அசதியாக இருக்கிறது. நீ ஓய்ந்துவிடாதே. பட்டாணி அங்கே ஒழுங்காக ஓடுகிறாளா என்று எழுது.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பட்டாணியும் சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். என் வீட்டுக்காரியோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள், இருவரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள்.

வெயில் அதிகம். மைதானத்தில் புழுதி. என் முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார், போட்டுக்கொண்டு நடக்கிறேன். அத்தான் எப்போது வருகிறார்?

பட்டாணி சில நாள் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள். புது இடம் அல்லவா. இப்போது பரவாயில்லை.

இதோடு ஒரு டப்பா வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி. ஒரு மாணவனிடம் கிடைத்தது. இந்த ருசி இங்கே கடையில் நான் பார்த்ததில்லை. சாவகாசமாக இருக்கும்போது, வீட்டில் தனியாக இருக்கும்போது, முகர்ந்து பார்த்து என்னவென்று எழுது. உன் மூக்குக்குத் தெரியாதது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. உன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

தம்பி

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டாணி பத்திரமாக வந்து சேர்ந்ததாக அத்தான் செய்தி அனுப்பினார். நீ ஒரு வரி எழுதவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? டப்பா வந்து சேர்ந்ததா? என் மேல் கோபமா?

கோபம் என்றால் திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழையும்போதே "இல்ல சார்" என்று கையை ஆட்டிவிடுகிறார்.

தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

டப்பா வந்தது. நீ சொன்ன மாதிரி தனியாக இருக்கும்போதுதான் திறந்தேன். மூடியைத் தூக்கினதுமே தெரிந்துவிட்டது. மத்தியானம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

என்னால்தான். வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியாமல்தான் எழுதவில்லை. இதைப் பற்றி இனிமேல் எதுவும் கேட்காதே. அத்தானுக்கும் தெரிய வேண்டாம். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. படித்ததும் ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது. இனி நான் நடிக்க வேண்டாம்.

என்னை மன்னித்துவிடு. ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவள் வந்த முதல் வாரம், ஓட்டக் காலணி வைக்கிற பையில் கிடைத்தது. நான் துழாவவில்லை, லேஸ் அறுந்துவிட்டது, வேறு லேஸ் தேடினேன். அவள் முகம் செத்துப்போயிற்று. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. வேற யார்கிட்ட வேணா சொல்லுங்க" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். ஊராரின் பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டவன், பட்டாணி அழுததும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம் உறுத்தல் தாங்கவில்லை. நான் வாயால் சொன்னால்தானே வாக்குத் தவறுவது, டப்பாவை அனுப்பிவிட்டால் இதே வாசனை பட்டாணி மேல் இருப்பதை அக்கா மூக்கு தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று ஒரு கோழைப் புத்தி. மாணவனிடம் கிடைத்தது என்று எழுதியது பொய்.

இங்கே இருந்த நாட்களில் விட்டுப் பார்த்தாள். கை நடுங்கியது, தட்டை வீசி எறிந்தாள், என் வீட்டுக்காரி பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். இப்போது எப்படி என்று எனக்குத் தெரியாது.

என்னால்தான் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். உன் வளர்ப்பில் என்ன குறை? யாரோ ஒரு சிநேகிதி நீட்டினாளாம், போன வருஷம். ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். "தொறந்தா அம்மா வாசனை வந்துச்சு மாமா. அதான் பயமா இல்ல" என்றாள். ஆரஞ்சு என்றால் எல்லாம் ஒன்றுதானே, பிள்ளை ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அவளை அடிக்காதே அக்கா. உனக்குத் தோன்றினால் என்னை அடி.

தம்பி

*

ஜூலை 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் படிக்கவில்லை.

எனக்குப் பட்டாணி விஷயம் தெரியாது. நீ எழுதித்தான் தெரியும்.

நான் தெரிந்துகொண்டது வேறு. அந்த டப்பாவில் இருந்தது என் ஆரஞ்சு. ஏதோ ஒரு ஆரஞ்சு இல்லை. தோல் கசப்புத் துளியோடு, நான் பட்டாணிக்காகக் கலந்த அதே ஆரஞ்சு. அடியில் புளித்த தேன். யாரோ ஒரு பையன் வாயில் என் கைவேலை இருக்கிறதே என்றுதான் நான் அந்த நாட்களில் சாப்பிடாமல் கிடந்தேன். யாரோ ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டு.

சூப்பர்வைசரிடம் டப்பாவைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அவங்க டப்பால எதைப் போட்டா நமக்கென்னம்மா? நாம வாசனை விக்கறோம், அவ்வளவுதான்" என்றார். திரும்பிப் போய் அன்றைக்கு ஆக வேண்டிய பீப்பாயைக் கலந்து முடித்தேன். ஆமாம், முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உனக்குக் கைக்குட்டையை முகர், விரலை முகர் என்று பாடம் எடுத்தேன் அல்லவா? என் வீட்டில் ஒரு வருஷமாக இருந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. ஒரு தடவை அவள் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்னடி இவ்வளவு ஆரஞ்சு என்று கேட்டேன். "அது உன் வாசனைம்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மூக்கு களைத்தால் எதிரில் இருப்பதும் தெரியாது என்று எழுதினேனே, அதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

உன் மேல் கோபம் இருக்கிறது. ஊரில் உள்ள அப்பா அம்மாவை எல்லாம் தெரிந்த அன்றே கூப்பிட்டுச் சொன்னாய். என்னிடம் மட்டும் வெயில் அதிகம், புழுதி அதிகம் என்று எழுதினாய். அவள் அங்கே நடுங்கிக்கொண்டு கிடந்தபோது நான் இங்கே இருந்தேன். நான் அவளைப் பெற்றவள். நீ எழுதியிருந்தால் வந்திருப்பேன்.

அவளை அடிக்கவில்லை. தெரியும் என்று மட்டும் சொன்னேன். "மாமா சொல்லிட்டாரா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் சத்திரத்தில் தங்கியிருப்பவர்கள் மாதிரி இருக்கிறோம்.

கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். முடிந்தவரை எழுதாமல் இருந்தேன்.

நீ எழுதிய ஒவ்வொன்றும் சரி. என் வீட்டுக்காரியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அக்காவுக்கு எழுதிடுங்கன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றாள். சொன்னாள்தான்.

பட்டாணிக்குத் தனியாக எழுதினேன், வாக்குத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு. ஒரே வரியில் பதில் வந்தது. "பரவாயில்ல மாமா, களைப்பா இருக்கு" என்று. அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

நெட்டை விட்டுவிட்டான், மறுபடி தொட்டான், மறுபடி விட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவனே வந்து சொல்கிறான். நான் திட்டுவதை நிறுத்திய பிறகுதான் வந்து சொல்ல ஆரம்பித்தான். இதை உனக்கு அறிவுரையாக எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கடையில் ஸ்டாண்டு அதே இடத்தில் நிற்கிறது. இப்போது அதில் ஒரு வரிசை ஆரஞ்சு. அந்த அதிகாரி அடுத்த மாதம் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கிறார். போகிறேன். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார். உன்னிடம் எதுவும் கேட்கவில்லை அக்கா. உன் வேலை போய்விடக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? முழங்கால் பட்டை போட்டுக்கொள்கிறாயா? உன் மேல் கோபம் போய்விட்டதா என்று என்னைக் கேட்காதே. வைத்திருக்கத் தெம்பில்லை, அதனால் இறக்கி வைத்துவிட்டேன்.

கலவை அறையிலிருந்து மாற்றிக்கொண்டேன். அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் இருக்கிறேன். சம்பளம் குறைவு, உன் அத்தான் முகம் சுளித்தார். பிறகு எல்லாம் சொன்னேன். இந்த மாதம் கிட்டத்துச் சவாரி மட்டும் எடுக்கிறார். நான் போனதால் ஆரஞ்சு நின்றுவிடவில்லை. நான் பழக்கிவிட்ட பெண் கலக்குகிறாள், துளிகூடப் பிசகாமல். நல்ல கைக்காரி, என்ன சொல்வது?

இதோடு இன்னொரு கடிதம் இருக்கிறது, உன் அதிகாரிக்கு. பெரியவர்களுக்கு மட்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள். அந்த ருசியை நாலு வயசுப் பிள்ளையின் வாயைத் திறக்க வைப்பதற்காகச் செய்தவள் நான், எந்தத் துளி எதற்கு என்று எனக்குத் தெரியும் என்று என் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறேன். வேலையைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். கொடுக்கலாமா என்று பதில் கேட்டு எழுதாதே. கொடுத்துவிடு.

வீட்டைச் சுத்தம் செய்தேன். திரைச்சீலை, தலையணை உறை, என் பழைய வேலைச் சேலைகள், எல்லாவற்றையும் ஊற வைத்து அலசினேன். சிலதை எறிந்தேன். வாசனை போக வெகுநாள் ஆயிற்று. இப்போது வீட்டில் சோப்பு வாசனை, என் மேல் பசையும் அட்டையும். மூக்கு மெதுவாகத் திரும்பி வருகிறது. தலைவலியும் குறைந்திருக்கிறது, சொன்னால் நம்ப மாட்டாய்.

பட்டாணி விட்டிருந்தாள். நாலைந்து வாரம் இருக்கும். மறுபடி ஓடப் போகிறாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, சாப்பாட்டில் குறை சொல்லுகிற அளவுக்கு.

நேற்றுச் சாயங்காலம் நான் வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மைதானத்திலிருந்து வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போகும்போது ஆரஞ்சு வந்தது. தோல் கசப்போடு, என் துளியோடு. துணி கையிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது, எழுந்திருக்க முடியவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அழலாம் என்று பார்த்தேன், அதற்கும் அலுப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாசனை வருதா?" என்றாள்.

"வருது."

அது உன் வாசனைம்மா என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ, அவ்வளவு களைப்பு. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னுது இல்லம்மா. என்னுதுதான்" என்றாள்.

கையைத் திறந்து டப்பாவை என் மடியில் வைத்தாள். இருட்டும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நாளைக்கும் முகர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

அக்கா